மூன்றாவது பேட்டரி

என் மனைவியின் கிளினிக் கொப்பியில் ‘ஜனவரி 9, வியாழன்’ என்ற தேதிக்குக் கீழே மூன்று பேருடைய கையெழுத்து இருக்கிறது. முதல் இரண்டு வரிகள் டாக்டருடையவை, ஆங்கிலத்தில்: ஏற்றிய மருந்தின் பெயரும் அளவும். அடுத்த வரி நர்ஸ் எழுதியது, சிங்களத்தில்: குளிர் படக் கூடாது, குளிர்ந்த தண்ணீரைத் தொடக் கூடாது, முதல் மூன்று நாள் மிகவும் கவனம். கடைசி வரி என்னுடையது. “மாலை 3.40. லொறியில் வைத்து எழுதியது. விரல் நுனியில் ஊசி குத்துவதாகச் சொல்கிறாள். ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன்.”

நான் தேயிலைத் தூள் ஏற்றும் லொறி ஓட்டுகிறேன். அக்கரப்பத்தனைப் பக்கத்து ஆலைகளில் புதன்கிழமை மூட்டைகளை ஏற்றினால், அன்று மாலை கொழும்புக் களஞ்சியங்களின் வாசலில் வரிசையில் நிற்பேன். வியாழக்கிழமை இறக்கிவிட்டு மறுபடியும் மலை ஏறுவேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமைகளில் அவளுக்கு ஊசி. கொழும்புக்கு வெளியே இருக்கிற அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அவளால் பஸ்ஸில் போய்வர முடியாது. கினிகத்தேனை வளைவுகளில் நல்ல உடம்புக்காரர்களே மடியில் பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். அதனால் என் பயணத்தோடு அவள் பயணத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

எட்டு ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டும் தவறாமல் ஏற வேண்டும் என்றார். அந்த மருந்து ஏறியவுடன் சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதுவும் உடம்பை வலிக்கச் செய்யும். எவர்சில்வர் தம்ளரைத் தொட்டால் கை சுண்டும். குளிர்காற்றை இழுத்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். விரல்கள் மரத்துப்போவது ஓர் அளவைத் தாண்டினால் மருந்தைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள். ஆகவே குளிர் படாமல் காப்பாற்றினால் எட்டையும் முடித்துவிடலாம் என்று நான் விளங்கிக்கொண்டேன். டாக்டர் அப்படிச் சொன்னாரா என்று கேட்டால், சொல்லவில்லை. நானாக விளங்கிக்கொண்டது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருப்பதோ அக்கரப்பத்தனைக்கும் மேலே. ஜனவரியில் விடியும்போது, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துப் புல் வெள்ளையாக இருக்கும். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. அடுப்புப் புகை போகட்டும் என்று அதை யாரும் அடைப்பதில்லை. பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்கு லொறி ஏறாது. பக்கம் திறந்த முச்சக்கர வண்டியில் இருட்டுக் காற்றில் போக வேண்டும். அதைவிட லொறியின் படுக்கை எவ்வளவோ மேல். ஊசி போட்ட அன்று மாலை ஆலை முற்றத்தில் லொறியை நிறுத்துவது, அங்கேயே இருவரும் தூங்குவது, வெள்ளிக்கிழமை வெயில் ஏறிய பிறகு அவளை வீட்டுக்கு அனுப்புவது. இதுதான் திட்டம்.

ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த லொறி அது. இருக்கைகளுக்குப் பின்னால் ஓர் ஆள் காலை மடக்கிப் படுக்கும் அகலத்தில் ஒரு படுக்கை, அதற்கு முன்னால் ஒரு திரை. முதல்முறை ஏறி உட்கார்ந்தபோது அவள் கூரையையும் சுவரையும் தட்டிப் பார்த்தாள்.

“இது எத்தனையாம் நம்பர் காம்பராங்க?”

“நம்பரெல்லாம் இன்னும் போடல.”

“தோட்டத்துத் தொரகிட்டச் சொல்லி ஒரு நம்பர் போட்டுக்குங்க. நாளைக்கு ரெண்டு குடும்பத்துக்கு ஒன்னுன்னு பிரிச்சுக் குடுத்துறப் போறாங்க.”

அதற்குப் பிறகு அந்தப் படுக்கைக்குக் காம்பரா என்றே பெயர் ஆகிவிட்டது. நானும் அப்படியே சொன்னேன், எழுதினேன். அந்தப் பெயரை நான் தடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நிறுத்திவைத்த லொறிக்குள் எப்படிச் சூடு கொண்டுவருவது என்று டிசம்பர் மாதம் முழுக்கப் படித்தேன். ஹட்டன் நூலகத்தில் மோட்டார் புத்தகங்கள் இரண்டு கிடைத்தன. மற்றதைத் தொலைபேசியில் படித்தேன். எஞ்சினை ஓடவிட்டால் சூடு தானாக வரும், எஞ்சினில் சுற்றும் வெந்நீர்தான் உள்ளே காற்றைச் சூடாக்குகிறது. ஆனால் ஆறேழு மணி நேரம் சும்மா ஓடினால் டீசலும் போகும், புகையும் அடியிலிருந்து உள்ளே ஏறும். லயத்தில் செய்வதுபோலப் பால்மா டின்னில் அடுப்புக் கங்கு எடுத்துவைப்பது ஆளைக் கொல்லும். கூரை இடைவெளி உள்ள காம்பராவில் உயிர் தப்புவதெல்லாம் அடைத்த கண்ணாடிக்குள் தப்பாது. நின்ற லொறிக்கென்றே டீசலில் எரியும் சின்ன ஹீட்டர் ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. அதற்குத் தரையில் ஓட்டை போட வேண்டும். ஹட்டனில் இருக்கும் லொறி முதலாளியிடம் கேட்டேன்.

“என் லொறில ஓட்ட போடுற வேலையெல்லாம் வேணாம்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சம்சாரத்தக் கூட்டிக்கிட்டுப் போ. நா வேணாம்னு சொல்லல. தனியா பேட்டரி வேணுமா, வச்சுக்க. ஆனா விடிஞ்சதும் ஒரே அடியில ஸ்டார்ட் எடுக்கணும். இதுக்கு முந்தி இருந்தவன் ரேடியோ கேட்டே பேட்டரிய எறக்கிட்டு நடு ரோட்டுல நின்னான். அவன் இப்ப எங்க இருக்கான்?”

அவள் அப்போது லொறிப் படியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டது.

ஆகவே மூன்றாவது பேட்டரி. லொறிக்கு ஏற்கெனவே இரண்டு உண்டு, ஸ்டார்ட் எடுக்க. மூன்றாவதை ஹட்டனில் வயரிங் வேலை செய்யும் எலக்ட்ரிக் பாஸ் ஒருவர் பொருத்தித் தந்தார். எஞ்சின் ஓடும்போது அது சார்ஜ் ஏறும். எஞ்சினை நிறுத்தினால் மற்ற இரண்டிலிருந்தும் தானாகவே பிரிந்துவிடும். அதில் இரண்டு பொருள்கள்தான்: கொழும்புப் புழுக்கத்துக்கு ஒரு சின்ன ஃபேன், மலைக்கு ஒரு சூட்டுப் போர்வை, உள்ளே கம்பி ஓடுகிற வகை. போர்வை மணிக்கு நான்கு அலகு இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு முப்பத்திரண்டு. பேட்டரியில் நூறு இருக்கிறது. என் லொறிக் கொப்பியில் படம் வரைந்து அவளுக்குக் காட்டினேன்.

“இந்த ரெண்டும் எஞ்சினுக்கு. இது தனி. இது முழுசா எறங்கினாலும் லொறி ஸ்டார்ட் எடுக்கும். வெளங்குதா?”

“வெளங்குதுங்க. ரெண்டு ஒங்களுக்கு, ஒன்னு எனக்கு.”

“அதேதான்.”

“நல்ல பங்குதான்” என்று சொல்லி, படத்தின்மேல் விரலை வைத்து மூன்று சதுரங்களையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

எங்கள் லயத்துக் கரண்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பன்னிரண்டு காம்பராவுக்கும் வருவது ஒரே கம்பி. யாராவது அயன் பெட்டியோ கேத்தலோ போட்டால், அதே நேரத்தில் இன்னொருவரும் போட்டால், லயம் முழுக்க இருட்டாகும். அதனால் போடுகிறவர் முதலில் வாசலுக்கு வந்து “அயன் போடுறோம்” என்று கூவ வேண்டும். மற்றவர்கள் தங்களுடையதை அணைத்துவிட்டு “போடு” என்பார்கள். கூவாமல் போட்டவளை ஒரு வாரத்துக்குக் கொழுந்து பறிக்கும் மலையில் வைத்துப் பேசுவார்கள். என் மனைவி அந்த லயத்திலேயே பிறந்தவள். நான் நானுஓயாவில் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன். எனக்கு அந்தப் பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது, கையில் ஊறவில்லை.

ஜனவரி 9 மாலை ஏழரைக்கு ஆலை முற்றத்துக்கு வந்தோம். காதுத் தொப்பி, இரண்டு ஜோடி காலுறை, என் கையுறை எல்லாம் போட்டுப் படுக்கையில் ஏற்றினேன். பிளக்கைக் கையில் கொடுத்து, “நீயே போடு” என்றேன். அவள் திரையை விலக்கி, கண்ணாடியைப் பார்த்துக் கூவினாள்.

“போர்வ போடுறோமுங்கோ!”

ஆலை வாசலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த காவல்காரருக்குக் கேட்டுவிட்டது. “போடு தாயி! ஸ்டோர்ல லைட்டு போச்சுன்னா ஒன்னயத்தான் புடிச்சுக் குடுப்பேன்!”

அவள் சிரித்தாள். சிரித்தால் தாடை வலிக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிளக்கில் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. நான் முன் இருக்கைகளில் குறுக்காகப் படுத்தேன். நடுவே திரை.

அதற்குப் பிறகு ஜனவரி 30, பெப்ரவரி 20. மார்ச் 13 பௌர்ணமி, போயா விடுமுறை என்பதால் ஊசி 14ஆம் தேதிக்குப் போனது. பிறகு ஏப்ரல் 3. ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை எழுந்தவுடன் நான் செய்வது இரண்டு வேலைகள். முதலில் திரைக்குள் கையை விட்டுப் போர்வையைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கும். பிறகு இறங்கிப் போய் மீட்டரை வைத்து மூன்றாவது பேட்டரியை அளந்து கொப்பியில் எழுதுவேன்.

“குளுந்துச்சா?”

“அட போங்க. வேத்துக் கொட்டிருச்சு. காம்பராவுல இருந்தா இந்நேரம் வெறச்சிருப்பேன்.”

“கை எப்படி இருக்கு?”

“கை கையாட்டந்தான் இருக்கு.”

கொழும்பில் புதன்கிழமைகளில் இதே கதை ஃபேனோடு. களஞ்சிய வாசலில் நின்றால் தகரம் காய்ந்து வெயில் போன பிறகும் அனல் இறங்காது. மற்ற டிரைவர்கள் லொறிக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். அவளால் அது முடியாது. காலையில் கேட்டால், “ஃபேன் காத்து நல்லா வந்துச்சு, ஒங்களுக்குத்தான் கொசு” என்பாள். அவள் சட்டை முதுகு நனைந்திருப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கொழும்பென்றால் வேர்க்கும்தானே என்று நினைத்தேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. நான் மாட்டிவிட்டேன். “இருவது வருசமாக் கழட்டத்தான் தெரியும்னு நெனச்சேன், மாட்டவும் தெரியுதே” என்று கேலி செய்தாள். கொழுந்து பறிக்கும் கை. ஒரு காலத்தில் பார்க்காமலேயே இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளுகிற கை. இப்போது தம்ளர் நழுவியது. கதவு ஓரங்களில் ரப்பர் பட்டி ஒட்டினேன். தரையில் சாக்கு விரித்தேன். படுக்கைப் பக்கத்துக் கண்ணாடிக்குக் கடதாசி அட்டை வெட்டி வைத்தேன். நான்காவது ஊசியில் மருந்தைக் குறைத்தார்கள்.

ஏப்ரல் 24, ஆறாவது ஊசிக்குப் போனபோது டாக்டர் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசையில் இருந்த ஒரு பொத்தானை எடுக்கச் சொன்னார். எடுக்க முடியவில்லை. குளிர் பட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். நான் இல்லை என்றேன். இல்லை என்று சொன்னதோடு நிற்காமல் என் கொப்பியைத் திறந்து காட்டினேன். தேதி, நேரம், லொறி நின்ற இடம், பேட்டரியின் அளவு, “போர்வை சூடு, சரி” என்ற குறிப்பு, எல்லாம் பத்தி பத்தியாக. அவர் பொறுமையாகப் பார்த்தார். “நல்லாச் செய்திருக்கிறீங்க” என்றார். என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்தை அன்றோடு நிறுத்தினார்கள். வேறு மருந்து ஒன்று தொடங்கினார்கள். அது பிடிக்கவில்லை. முதல் மருந்து எட்டில் ஐந்தோடு நின்றது.

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை காலை எங்கள் காம்பராவில் அவள் இறந்தாள். அதைப் பற்றி வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுத முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவள் தங்கை ஊருக்குக் கிளம்பினாள். கடைசி இரண்டு மாதமும் கூடவே இருந்து பார்த்தவள் அவள்தான். சூட்டுப் போர்வையை மடித்து ஒரு பையில் வைத்து அவளிடம் கொடுத்தேன்.

“இது எதுக்கு மச்சான்?”

“கொண்டு போ. நல்லா வேல செய்யுது. அக்கா போட்டதுன்னு இருக்கட்டும்.”

அவள் பையை வாங்கவில்லை. “அக்கா எங்க மச்சான் போட்டா?” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் வாசல்படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. நீங்க கொறட்ட விட ஆரம்பிச்சதும் பிளக்கப் புடுங்கிருவாளாம். நாலு மணிக்கு எந்திரிச்சுத் திரும்பப் போட்டுருவாளாம், நீங்க வந்து கைய வச்சுப் பாப்பீங்கன்னு.”

“ஏன்?”

“ஏன்னா? லொறி ஸ்டார்ட் எடுக்காட்டி மொதலாளி ஒங்கள நிப்பாட்டிருவாருன்னுதான்.”

“அது தனி பேட்டரி. படம் போட்டுக் காட்டுனேனே. வெளங்குச்சுன்னு சொன்னா.”

“நானும் அதத்தான் கேட்டேன், மச்சான் தனி பேட்டரின்னு சொன்னாரேக்கான்னு. அதுக்கு, ‘காம்பரா தனித்தனி, கரண்டு ஒன்னுதான்டி. கோடு போட்டுட்டா பிரிஞ்சிருமா, நம்ம லயத்துலயும் கோடு போட்டுத்தான் வச்சிருக்காங்க’ன்னு சிரிக்கிறா.”

“ஃபேன்?”

“அதுவுந்தான்.”

“எந்த நாள்லேருந்து?”

“மொத நாள்லேருந்துதான்.”

தங்கை போன பிறகு என் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மனைவி கூட வராத வாரங்களில் அதே படுக்கையில் நான் படுத்து அதே போர்வையைப் போட்டிருக்கிறேன். அந்தக் காலைகளில் பேட்டரியின் அளவு பன்னிரண்டு புள்ளி இரண்டு வோல்ட், சில நாள் பன்னிரண்டு புள்ளி ஒன்று. அவள் படுத்த நாட்களில், ஜனவரி 31, பெப்ரவரி 21, மார்ச் 15, ஏப்ரல் 4, நான்கிலும் பன்னிரண்டு புள்ளி ஆறு. நிறைந்த பேட்டரியின் அளவு அது. முப்பத்திரண்டு அலகு செலவாகியிருக்க வேண்டிய காலையில் நிறைந்த பேட்டரி. இரண்டும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக என் கையெழுத்தில் இருக்கின்றன. பெப்ரவரி 21க்குப் பக்கத்தில் நான் ஒரு விளக்கமும் எழுதி வைத்திருக்கிறேன்: “வியாழன் நீண்ட ஏற்றம், நன்றாகச் சார்ஜ் ஏறுகிறது. ஏற்பாடு திருப்தி.” இந்தப் பக்கத்தைத்தான் டாக்டரிடம் காட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் மாதம் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். மருந்துதான் நரம்பைக் கெடுத்தது, போர்வை இருந்திருந்தாலும் கை இப்படித்தான் ஆகியிருக்கும், நோயும் அதற்காக நின்றிருக்காது என்றார். திரும்பக் கேட்டேன், திரும்பவும் அதையே சொன்னார். நம்புகிறேன். அதனால் ஒன்று தீர்ந்தது. தீராதது இது: ஊசி ஏறிய உடம்போடு, தொட்டதெல்லாம் குத்துகிற கைகளோடு, மலைப் பனியில் அவள் விழித்துக் கிடந்திருக்கிறாள், ஒரு முழம் தள்ளி, திரைக்கு இந்தப் பக்கம், நான் தூங்கியிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் ஜனவரி 10ஆம் தேதிக் குறிப்பைப் பார்த்தேன். மலையில் அவள் லொறியில் தங்கிய முதல் இரவின் மறுநாள் காலை அது. அதில் அளவு பன்னிரண்டு புள்ளி ஒன்று. அப்படியென்றால் அன்று போர்வை விடியும்வரை ஓடியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே பிடுங்கினாள் என்று தங்கை சொன்னது சரியில்லை. அந்த ஒரு நாள் அவள் சூடாகத் தூங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஏதோ நடந்து மனம் மாறியிருக்கிறாள்.

அதே நாள் குறிப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. “எஞ்சின் இரண்டாவது அடியில் ஸ்டார்ட், பனி.” அதற்குக் கீழே, “மூன்றாவது பேட்டரி நினைத்ததைவிட இறங்கியிருக்கிறது, பாஸிடம் கேட்க.” இரண்டாவது அடியில் ஸ்டார்ட் ஆனதைக் கேட்டு அவள் பயந்திருக்கலாம். முதலாளியின் பேச்சை அவள் மறக்கிறவள் அல்ல. அது ஒன்று.

மற்றது, மீட்டரைப் பார்க்கும்போது வாய்விட்டுப் பேசுகிற பழக்கம் எனக்கு உண்டு. பேட்டரிப் பெட்டி படுக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. அவள் விழித்திருந்தால் நான் சொன்னது ஒவ்வொன்றும் கேட்டிருக்கும். “என்ன இவ்வளவு எறங்கிருச்சு” என்று சொன்னேனா, அதைவிடக் கோபமாக ஏதாவது சொன்னேனா, ஒன்றும் சொல்லாமல் எழுதிவிட்டுப் போனேனா என்பது என் நினைவில் இல்லை. காவல்காரரிடம் கேட்டேன், அவர் அந்த நேரத்தில் பின்வாசலில் கொழுந்து லொறிக்குக் கதவு திறக்கப் போயிருந்ததாகச் சொன்னார். தங்கையிடம் தொலைபேசியில் கேட்டேன். அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை காலை, மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.